ஆம்பளைகளுக்கு வருகிற காய்ச்சல்

என் கணவருக்கு நிமோனியா வந்த அன்று எங்கள் காம்பவுண்டில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் அவருக்கு வேலை. பொதியைப் பிரித்துப் பஞ்சை மெஷினுக்குள் தள்ளுகிற பகுதி. வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் நின்று தட்டிவிட்டு, உடனே ஒரு பீடியைப் பற்ற வைப்பார். எண்பதுகளின் கடைசி அது. மார்கழிப் பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பல் கிடுகிடுவென்று அடித்தது. மூன்று போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"மூச்ச இழுத்தா விலாவுல கத்திய வச்சுக் குத்துத மாதிரி இருக்கு" என்றார். இருமித் துப்பியது துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் இருந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மில்லுக்கு ஓடினார். மில்லிலிருந்து ஆட்கள் ஒரு காரோடு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் இருந்தார். ஆஸ்பத்திரி சின்னதுதான், ஆனால் நெஞ்சு வியாதிக்கும் குழந்தை வியாதிக்கும் மில்காரர்கள் அவரைத்தான் நம்பினார்கள். பின் சீட்டில் என் கணவரைப் படுக்கப் போட்டு, தலையை என் மடியில் வைத்து, ஹார்ன் அடித்தபடி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்கு முன்பே பென்சிலின் ஊசியைத் தொடங்கிவிட்டார். பிறகு மதுரையிலிருந்து தகவல் வந்தது. கிருமி நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்திலும் இறங்கியிருந்தது.

"நியூமோகாக்கஸ்னு ஒரு கிருமி. நெறையப் பேர் மூக்குலயும் தொண்டையிலயும் சும்மா குடியிருக்கும். சில பேருக்குத்தான் உள்ள எறங்கி ரத்தத்துல கலக்கும்" என்றார் டாக்டர். "ஆம்பளைங்களுக்குத்தான் இது கூட வருது. பீடி, தூசி ஒரு காரணம். ஆனா பச்சப் புள்ளைங்கள்லயும் பையன்களுக்குத்தான் கொஞ்சம் கூட. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோர் காதிலும் அது விழுந்தது. என் கணவர் காதில் நன்றாகவே விழுந்தது.

அவர் பிழைத்து வந்தார். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தபந்தங்கள் வந்து போயின. உடம்பு தேறத் தேற அவருக்குப் பேச்சும் தேறியது. தன் நுரையீரலைப் பற்றி அவ்வளவு பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில், மில் கேட்டில், முடிவெட்டுகிற இடத்தில், எல்லா இடத்திலும் அதே கதை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் டாக்டர் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. ஆம்பளைக்குக் கூட வரும் என்பது ஆம்பளைக்குத்தான் வரும் என்று ஆனது. பிறகு அதுவே பொம்பளைக்கு வராது என்று ஆகிவிட்டது. அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது, ஏதோ போருக்குப் போய்த் திரும்பிய மாதிரி.

நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. அவர் படுத்திருந்த நாட்களில் விட்ட வேலையைப் பிடிக்கவே நேரம் போதவில்லை. பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், பிழைத்து வந்திருக்கிறாரே என்று இருந்தேன்.

மாசி பிறந்ததும் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. நாள் முழுக்கக் காம்பவுண்டுக்குள் ஓடிக்கொண்டே இருப்பவள். சளியும் காய்ச்சலுமாக அன்று படுத்துக்கொண்டாள். மறுநாள் குடித்த பாலை வாந்தியெடுத்தாள். அதற்கடுத்த நாள் காலையில் ஜன்னலைத் திறந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுதாள்.

"ஜன்னல மூடும்மா. கண்ணு வலிக்கி."

தூக்கி இடுப்பில் வைக்கப் போனேன். எப்போதும் என் தோளில் தலையைச் சாய்ப்பவள், அன்று விறைப்பாக உடம்பைப் பின்னால் வளைத்தாள். தொட்டால் அழுதாள். விட்டால் தூங்கினாள். அந்தத் தூக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணவரின் அக்கா அதே காம்பவுண்டில் இருந்தார்கள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "சளிக் காய்ச்சல்தான். கசாயம் வச்சுக் குடு. பொட்டப்புள்ள தாங்கிக்கிடும். என் மூணும் இப்படித்தான் கெடந்து எந்திரிச்சுச்சு."

நான் சேலையை மாற்றினேன். பிள்ளையை ஒரு துண்டில் சுற்றினேன். என் கணவர் வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, எங்க கெளம்பிட்ட? வேலைக்குப் போகலியா?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறேன். ஒங்க டாக்டருகிட்ட."

"சளிக்கா?" சிரித்தார். "நானே படுத்து எந்திரிச்சவன். எனக்குத் தெரியாத காய்ச்சலா? அது நெஞ்சப் புடிக்கும், நடுக்கும், ரத்தமா வரும். இவளுக்கு அதெல்லாம் இல்ல. டாக்டரே சொன்னாருல்ல, அது ஆம்பளைக்கு வாரதுன்னு."

"ஆம்பளைக்குக் கூட வரும்னாரு. பொம்பளைக்கு வராதுன்னு அவரு சொல்லல. அத நீங்க சேத்தது."

"ரெண்டு நாள் பாப்பமே. செத்த பொறுட்டி."

"ஒங்களுக்கு நடுங்கினப்ப யாராச்சும் ரெண்டு நாள் பாத்தாகளா?" என்றேன். குரல் காம்பவுண்டு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றே பேசினேன். "ஒங்களுக்குக் கார் வந்துச்சு. எம்புட்டு ஆளு வந்தாக! இவளுக்குக் கார் வேண்டாம். நானே பஸ்ஸுல தூக்கிட்டுப் போறேன். வழிய விடுங்க."

ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் எழுந்து நின்றார். மதினி, "புருசங்கிட்ட என்ன பேச்சு இது" என்றார்கள். அவர் நகரவில்லை. அவரை இடித்துக்கொண்டுதான் நான் வெளியே வந்தேன். கல்யாணமாகி அதுவரை அவர் பேச்சை மீறி ஒரு கோயிலுக்குக்கூட நான் போனதில்லை. அன்று கால் நடுங்கவில்லை. கோபம் இருக்கும்போது கால் நன்றாகவே நடக்கிறது.

பஸ்ஸில் கூட்டம். ஒரு அம்மா என் பையை வாங்கிக்கொண்டு இடம் கொடுத்தார். மடியில் கிடந்த பிள்ளையின் தலையை என் பக்கம் திருப்பி நெஞ்சோடு அணைக்கப் பார்த்தேன். கழுத்து மடங்கவில்லை. கட்டை மாதிரி நின்றது. மெதுவாக இன்னொரு தடவை முயன்றேன். பிள்ளை முனகினாளே தவிர கண்ணைத் திறக்கவில்லை. வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. இடம் கொடுத்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏ கண்டக்டரு, நடுவுல எங்கயும் நிறுத்தாதய்யா!" என்று கத்தினார். நிறுத்தித்தான் போனார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டாண்டுக்குள் போகாமல், ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முக்கிலேயே என்னை இறக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். கம்பவுண்டர் கை காட்டினார்.

"வரிசைல உக்காருங்கம்மா. கூப்புடுவோம்."

"புள்ளைக்குக் கழுத்து மடங்கல. கை இழுக்கு."

"எல்லாருக்கும் அவசரந்தாம்மா."

நான் அவரைத் தாண்டிப் போய் டாக்டர் அறைக் கதவைத் தோளால் தள்ளினேன். உள்ளே ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "என்ன பொம்பள நீ" என்றார். பிள்ளையை டாக்டரின் மேஜைமேல் கிடத்தினேன். டாக்டர் என்னைத் திட்ட வாயெடுத்தவர், பிள்ளையின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். தலையோடு சேர்ந்து முதுகும் எழுந்தது.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

பிள்ளையைச் சுருட்டிப் பிடித்து முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டியது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. டாக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததை நானும் பார்த்தேன். மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் சீழ் பிடித்திருக்கிறது என்றார். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வழியில் வலிப்பு வந்தால் தாங்காது, மருந்தை இங்கேயே தொடங்குகிறேன் என்றார். பென்சிலின்தான், அளவு மட்டும் மிகப் பெரியது. அந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கிருமியும் அதேதான் என்றார்; மதுரையிலிருந்து பிறகு வந்த தகவலும் அதையே சொன்னது.

ஊசி போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஆம்பளைக்குத்தான வரும்னிய சார்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "கூட வரும்னுதானம்மா சொன்னேன். பொண்ணுக்கு வராதுன்னா சொன்னேன்?"

"இல்ல. நீங்க சொல்லல. எங்க வீட்டுக்காரரு வருவாக. அவியகிட்ட நீங்களே ஒரு தடவ சொல்லணும். நான் சொன்னா ஏறாது."

என் கணவர் மத்தியானம் வந்தார், ஷிஃப்டை விட்டுவிட்டு. மகள் கையில் ட்யூப் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிடாமல், வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இவருக்கு நெஞ்சில் இறங்கிய கிருமிதான் பிள்ளைக்கு மூளைச் சவ்வில் இறங்கியிருக்கிறது, ரெண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருந்தால் பிள்ளை இருந்திருக்காது. என் கணவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"எங்கிட்ட இருந்துதான் ஒட்டிச்சா சார்?"

"தெரியாது. உங்ககிட்ட இருந்தும் வந்திருக்கலாம், பஸ்ல, தெருவுல, யார்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம். அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க."

நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

பிள்ளை கண் விழிக்கும்வரை எனக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை, அந்த வார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாக் கட்டிலிலும் பையன்கள். நெஞ்சுச் சளி, நிமோனியா, இழுப்பு. என் மகளைத் தவிர ஒரு பெண் பிள்ளைதான் இருந்தது. தேவதானம் கிராமத்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ரெண்டு வயது இருக்கும். காய்ச்சல் கண்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகித்தான் வந்ததாக அதன் அம்மா சொன்னாள். வயல் வேலை பார்க்கிற சின்னப் பெண் அவள். பிள்ளையின் மூக்கு மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கியது. உதடு நீலமாக இருந்தது.

மறுநாள் பத்து மணி வாக்கில் அந்தப் பிள்ளை போய்விட்டது. வாசல் வெயிலில் நின்றுகொண்டிருந்த அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் உள்ளே வந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"அழாதம்மா. பொட்டப்புள்ளதான. வீட்டுல ஒம் பையன் நல்லாருக்கான்ல."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவளுக்குப் பதிலாக நான்தான் எழுந்தேன்.

"ஏங்க, பொட்டப்புள்ளதானன்னா என்ன அர்த்தம்? இந்தப் புள்ளயப் பெத்தப்ப பாதி வலிதான் அவளுக்கு இருந்துச்சா? பையனுக்குக் காய்ச்சல் வந்தா எம்புட்டு நாள் பாப்பிய? ஒரு வாரமா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிஸ்டர் வந்து, "சத்தம் போடாதீங்கம்மா" என்றார். சொன்ன கையோடு என் முதுகில் ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார். தேவதானத்துப் பெண் போகும்போது என் மகளின் கட்டில் பக்கம் வந்து நின்றாள். "ஒம்புள்ள பொழச்சிரும்க்கா" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேன். "சார், இங்க பொம்பளப் புள்ளையளே காணோமே. அம்புட்டுப் பேரும் பையந்தானா?"

அவர் கட்டில்களை ஒரு முறை பார்த்தார். "பையன்களுக்குக் கொஞ்சம் கூட வருது. அது நெசம். வெளிநாட்டுலயும் அப்படித்தான்." பிறகு சொன்னார்: "ஆனா அது கொஞ்சம்தான். இந்த வார்டுல இருக்குறது கொஞ்சம் இல்ல. வந்தவங்களத்தானம்மா நான் எண்ண முடியும். வராதவங்க வீட்லயே இருக்காங்க."

அவர் அதை வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு வருத்தம் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. இயற்கை பெண் பிள்ளைக்கு ஒரு துளி சலுகை கொடுத்திருக்கிறது; அதையும் நாம் காரணமாக்கி அவளை வீட்டில் கிடத்தி வைக்கிறோம் என்று தோன்றியது. இப்போது எழுதும்போதும் அந்த எரிச்சல் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் கண் விழித்தாள். இட்லி கேட்டாள். என் கணவர் வெளியே ஓடி வாங்கி வந்து, பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முதலில் சேட்டை என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்கினார். திரும்பவில்லை. வலது பக்கம் சொடுக்கினார். திரும்பிச் சிரித்தாள். மறுபடி இடது பக்கம். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

டாக்டரிடம் போனோம். மூளைச் சவ்வுக் காய்ச்சல் வந்த பிள்ளைகளில் சிலருக்கு இப்படிக் காது போகும், திரும்ப வராது என்றார். முதல் நாளே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று என் கணவர்தான் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து என் கணவர் அழுதார்.

"எனக்கும் அதே கிருமிதான. எனக்கு ஒண்ணும் போகலியே. பீடி குடிச்சது நான். பஞ்சத் தின்னது நான்."

"அழுங்க. ஆனா இனிமே எந்த டீக்கடையிலயும் ஒங்க நோய்க் கதையச் சொல்லாதிய" என்றேன். "சொல்லணும்னா இவ கதையையும் சேத்துச் சொல்லுங்க."

அவர் சேர்த்தே சொல்லத் தொடங்கினார். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பீடியையும் விட்டார், திரும்பப் பிடித்தார், மறுபடியும் விட்டார். அவரை முழுக்க மன்னிக்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே அப்படி இருக்க முடியும்.

தொண்ணூறுகளில் வேறு சண்டைகள். காது விஷயத்தை வெளியே சொல்லாதே என்றார்கள் மதினி. "நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேண்டாமா?" நான் தெருவெல்லாம் சொன்னேன். சொன்னால்தானே வலது பக்கம் வந்து பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் உயரம் பார்த்து அவளைக் கடைசி பெஞ்சில் போட்டார்கள். டீச்சர் சொல்வது காதில் விழாமல் எதை எதையோ எழுதி வந்தாள், மக்கு என்றார்கள். நான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போய், முன்வரிசையில் சுவரை ஒட்டி, வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி அவளை உட்கார வைத்த பிறகுதான் வாசலைத் தாண்டினேன். அடுத்த வருஷம் வேறு டீச்சர். மறுபடியும் போனேன். வருஷா வருஷம் போனேன். ஜூன் மாதத்தில் என்னைப் பார்த்தாலே அந்தப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள்.

பிள்ளைகளுக்கு அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி என்று ஒன்று அன்று எங்கள் பக்கம் கிடையாது. இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும்தான். காம்பவுண்டில் எந்தப் பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நான் போய் நின்றுவிடுவேன். கழுத்தை மடக்கிப் பார்ப்பேன், மூச்சைப் பார்ப்பேன். சந்தேகமாக இருந்தால், அப்பனுக்காகக் காத்திருக்க வேண்டாம், கெளம்பு என்பேன். பெரும்பாலும் வெறும் சளியாகத்தான் இருக்கும். வீண் அலைச்சல் என்று என்னைத் திட்டியவர்களும் உண்டு. திட்டட்டும். வீணாக அலைந்த பிள்ளைகள் எல்லாம் இன்று நன்றாக இருக்கிறார்கள்.

மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது சேத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, அடுத்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்கள்: "பாவம், ஒத்தக் காது செவிடு. எவன் கெட்டுவான்." எதிர்வரிசையில் இருந்த எனக்கு உதட்டசைவிலேயே புரிந்தது. கை இலையிலேயே நின்றுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் திரும்பினாள். பேச்சுக் கேட்டு அல்ல, என் முகத்தைப் பார்த்து.

"பெரியம்மா, என்னயப் பத்தித்தான பேசுதிய? இந்தக் காது கேக்காது. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, நல்லாக் கேக்கும்."

பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். அவள் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவாள். பெரியம்மா பாயசத்தை இலையில் விட்டு வழித்தார்கள். சோற்று வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்த என் கணவர், பெரியம்மா இலையைத் தாண்டி மகள் இலைக்குப் போனார். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமாம்மா?" என்று அவள் வலது பக்கம் குனிந்து கேட்டார்.

"போடுங்கப்பா" என்றாள்.